அண்ணன் வீட்டுக்கும் அதே நியாயம் கேட்ட அம்மா

இந்த நினைவு மலரை அச்சிடுவது என்று முடிவானபோது அப்பா என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "எழுதுததா இருந்தா நடந்ததை எழுதும்மா. இல்லன்னா அவ படத்தை மட்டும் போட்டுக் குடுத்துரு, போதும்." ஆகவே நடந்ததை எழுதுகிறேன். இதைக் கையில் வாங்கும் உறவினர்களில் சிலருக்கு இது பிடிக்காது. அம்மாவின் ஆண்டுத் திதிக்கு வந்து சாப்பிட்டுச் செல்பவர்கள், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் தெரிந்துகொண்டு செல்லட்டும்.

அம்மா பண்பொழியில் நெல் விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். அம்மா வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அப்போது அவருக்காகப் பேசியவர் அந்த அண்ணன், என் மாமா. "அவ படிக்கட்டும், வயலை நான் பாத்துக்கிடுதேன்" என்றாராம். இதை அம்மா கடைசிவரை நன்றியோடு சொன்னார். அதனால் நானும் சொல்லிவிடுகிறேன்.

செங்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, ஆய்க்குடிப் பக்கம் வேலையில் சேர்ந்து, தென்காசியில் ஓய்வு பெற்றார். அம்மாவுக்கு இனிமையாகப் பேசத் தெரியாது. மாணவிகள் அவரைக் கண்டு பயந்தார்கள், வீட்டில் நாங்களும்தான். ஆனால் ஒரு பிள்ளை ஒரு வாரம் வகுப்புக்கு வராவிட்டால், அந்த வீட்டைத் தேடிக்கொண்டு போய்விடுவார்.

ஓய்வுக்குப் பிறகு அதையே முழு வேலையாக்கிக்கொண்டார். அவரைப் போன்ற சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளைத் தேடிப் போனார். கடையநல்லூர் வரைக்கும் பீடி சுற்றும் வீடுகளில் ஏறி இறங்கினார். பள்ளி திறக்கும் நேரத்தில்தான் குற்றாலத்தில் சாரலும் தொடங்கும். பழக்கடையிலும் சிப்ஸ் கடையிலும் சீசன் வேலைக்குப் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கடை கடையாகப் போவார். ஒரு கடைக்காரர் பாத்திரம் கழுவிய தண்ணீரை அவர் காலடியில் கொட்டினார். அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு, "ஊத்தியாச்சுல்லா? இப்ப சொல்லுங்க, இந்தப் பிள்ளை எத்தனாங்கிளாஸ்?" என்றார்.

அப்போதெல்லாம் நம் சொந்தக்காரர்களுக்கு அம்மாவால் பெருமை. கல்யாண வீடுகளில் அவரை முன்வரிசைக்கு அழைத்தார்கள். "டீச்சர் என் தங்கச்சிதான்" என்று மாமா யாரைக் கண்டாலும் சொன்னார்.

பிறகு மாமாவின் மகளுக்கே மாப்பிள்ளை பார்த்தார்கள். அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு நிறையவில்லை. மாப்பிள்ளைக்குச் சென்னையில் சொந்தக் கடை. இந்த இடத்தை விட்டால் வேறு கிடைக்காது என்றார்கள்.

அம்மா பண்பொழிக்குப் போய்க் கெஞ்சினார். "பரீட்சை முடியட்டும் அண்ணே. பிள்ளைக்கு வயசு வரட்டும். நானே முன்ன நின்னு நடத்தி வைக்கேன்."

"ஊர்ப் பிள்ளைகளுக்கு நியாயம் சொல்லுத மாதிரி என் வீட்டுல வந்து சொல்லாதே" என்றார் மாமா.

திரும்பும்போது பஸ் நிறுத்தம்வரை அந்தப் பிள்ளை பின்னாலேயே வந்திருக்கிறாள். "அத்தை, நான் படிக்கணும். என்னமாவது செய்யுங்க."

அம்மா அதிகாரிகளுக்குப் போன் செய்தார். தன் பெயரை மறைக்கவில்லை. அவர்கள் வந்து கல்யாணத்தை நிறுத்தினார்கள். அத்தனை பேர் முன்னிலையில் பிள்ளையிடம் விசாரித்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குச் சம்மதந்தான். அத்தைதான் வேணும்னே இப்படிப் பண்ணிட்டாங்க" என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "அவ அந்த வீட்டுலதானே சாப்பிட்டு உறங்கணும். வேற என்ன சொல்லுவா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. தென்காசியில் எதிரே வந்தவர்கள் ரோட்டைக் கடந்து போனார்கள். அந்தப் பிள்ளை பரீட்சை எழுதித் தேறினாள். ஆனால் கல்லூரிக்கு அனுப்பவில்லை. பதினெட்டு நிறைந்ததும் வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அம்மா செய்தது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டோம். அம்மாவைப் பெற்ற தாய் இறந்த அன்று நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாங்கள் போய் இறங்கியபோது மாமா வாசலை மறித்து நின்றார். "இவ உள்ள வந்தா நான் கொள்ளி வைக்க மாட்டேன்" என்றார். முற்றம் நிறைய நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். வயதில் மூத்தவர்கள் இருந்தீர்கள். அம்மாவிடம் படித்தவர்களும் இருந்தீர்கள். பெற்ற தாயின் முகத்தை மகள் பார்க்கட்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "அண்ணே, ஒரு தடவை பாத்துட்டுப் போயிருதேன்" என்று அம்மா கேட்டார். வெயிலில் தெருவிலேயே நின்றார். பாடைத் தேர் வெளியே வந்தபோது கூட்டத்தின் பின்னாலிருந்து பார்த்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அடுத்த சீசனுக்குக் குடையை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய்விட்டார்.

புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. கடைசி நாட்களில், அருவியில் குளிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மாமாவின் மகள் தன் குழந்தையோடு வந்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அத்தை, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்ட்டி" என்றார் அம்மா. "அழாத. பிள்ளை பயப்படுது பாரு."

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க மதினி. பேரை மட்டும் போட்டுராதீங்க" என்றாள்.

அம்மா இறந்த அன்று மாமா பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். நான் எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். மாமா சேலையைப் போர்த்திவிட்டு வாய்விட்டு அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைக் கேட்க அம்மா இல்லை. தெருமுனையில் பெரிய படம் போட்டு, 'கல்விப் பணிக்குத் தன்னையே தந்த குலவிளக்கு' என்று உறவினர்கள் பேனர் வைத்திருந்தார்கள்.

அம்மாவுக்குக் கடைசிவரை கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு அக்காவுக்கும், முகம் சுளிக்காமல் வீட்டுக்கு வந்து ஊசி போட்ட நர்ஸ் தங்கைக்கும், விடுமுறை கிடைக்காதபோதும் மாறி மாறி வந்து உடனிருந்த பழைய மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பேனர் வைத்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

அம்மாவோடு போன பெண்கள் இப்போதும் போகிறார்கள். எங்காவது ஒரு பிள்ளையின் படிப்பு நின்றால் அந்த வாசலுக்கு வருவார்கள். அது உங்கள் வீடாக இருந்தாலும் வருவார்கள். இந்த வருடத்திலிருந்து நானும் அவர்களோடு வருகிறேன்.

மகள்