நாக்கால் பார்த்த இன்ஜின்

எனக்குப் பொறுமை கிடையாது. ராயபுரத்து மோட்டார் ஷெட்டில் ஃபிட்டராக இருந்த நாட்களில் அதையே கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

என் தோஸ்து ஒருவன் வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தான். துரை சீமைக்குக் கப்பலேறும்போது தன்னுடைய இரண்டு சீட் ரேஸ் காரை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதை விற்று ஒரு டாக்ஸி வாங்கிவிட்டால் இனி எந்தத் துரைக்கும் சலாம் போட வேண்டாம் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம்.

வாங்க வந்தவன் ஒரு வக்கீல் வீட்டுப் பிள்ளை. உள்ளே இருப்பது ரேஸ் இன்ஜின்தானா என்று தெரிய வேண்டும் என்றான். அதே கம்பெனி அதே உருவத்தில் லாஞ்சுப் படகுக்கும் ஓர் இன்ஜின் செய்தது. அதற்கு வேகம் கிடையாது. இன்ஜினின் நம்பர் தகடு எப்போதோ கழன்று விழுந்திருந்தது. தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவை ரிப்பேருக்குக் கழற்றியிருந்ததால் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஷெட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். வக்கீல் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தான். நான் சட்டென்று எதையாவது சொல்லியாக வேண்டும்.

துறைமுகத்து லாஞ்சுகளில் வேலை பார்த்த திமிர் எனக்கு. லாஞ்சு இன்ஜினைக் குளிரவைக்கக் கடல் தண்ணீரையே இழுப்பார்கள். சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பாதையின் மூடியைத் திறந்தேன். உள்ளே வெள்ளையாகப் பொருக்கு. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரித்தது.

"லாஞ்சு இன்ஜினு சார். கடல் தண்ணி குடிச்சிகீது" என்றேன்.

வக்கீல் பிள்ளை என் தோஸ்தின் பக்கம் திரும்பினான். "அப்ப ரேஸ் இன்ஜினைக் கழட்டி எங்கய்யா வித்தே?"

"என் புள்ள மேல சத்தியமா நான் கை வெக்கல சார்! இன்னா மாமு இது? இன்னொருவாட்டி நல்லா பாரு மாமு."

"பாத்தாச்சு நைனா, பேஜார் பண்ணாத" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டேன். பாவி நான்.

இன்ஜின் திருடன் என்ற பெயர் திருவொற்றியூர் வரை போனது. எந்தப் பங்களாவிலும் அவனுக்கு டிரைவர் வேலை கொடுக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். கார் எங்கள் ஷெட்டு மூலையிலேயே கிடந்தது.

இரண்டு வாரம் கழித்து எண்ணெய் மண்டி லாரி ஒன்று வேலைக்கு வந்தது. அதன் தண்ணீர்ப் பாதையைத் திறந்தால் அதே வெள்ளைப் பொருக்கு. நாக்கில் வைத்தேன், அதே கரிப்பு. கடலுக்கும் அந்த லாரிக்கும் என்ன சம்பந்தம்? லாரியானாலும் அந்த ரேஸ் காரானாலும் ரேடியேட்டருக்கு எங்கள் பேட்டைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றுவோம். பிறந்ததிலிருந்து அதைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது உப்பு என்றே தெரியாமல் போயிருக்கிறது. வற்றிப் பொருக்காக நின்றபோதுதான் கரித்தது.

போட்டது போட்டபடி மூலைக்கு ஓடினேன். மேக்னெட்டோ உட்காரும் இடத்தில் எண்ணெய் அழுக்கு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டினேன். இரும்பிலேயே அடித்த நம்பர் தெரிந்தது. காரின் புத்தகத்தில் இருந்த அதே நம்பர். துரை ரேஸ் ஓட்டிய இன்ஜின்தான். கால் மணி நேர வேலை. அன்றைக்கே செய்திருக்கலாம்.

துறைமுக வாசலில் அவனைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. தோளில் போட்டிருந்த சாக்கை உதறிக்கொண்டே சொன்னான்:

"எங்கிட்ட ஏன் சொல்லிகினு கீற? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு சுத்தி நின்னாங்களே, அவுங்ககிட்ட போய் சொல்லு."

அன்று மாலையே கிளம்பினேன். வக்கீல் பிள்ளையைப் பார்த்தேன், அன்று கூட்டத்தில் நின்ற டீக்கடைக்காரரைப் பார்த்தேன், இன்னும் இரண்டு பேரைப் பிடித்துச் சொன்னேன். மற்றவர்கள் யார் யார் என்று எவ்வளவு யோசித்தும் ஒரு முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்கு நான் அவர்களைப் பார்க்கவே இல்லை, அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.