கிறிஸ்துதாஸின் மொட்டை

என் வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸிடம் இரண்டு விஷயத்தில் யாரும் வாய் கொடுக்க முடியாது. ஒன்று அவர் தலைமுடி, இன்னொன்று அவர் பிடிவாதம். பாடியில் கம்பெனி வேலைக்குப் போன காலமெல்லாம் சட்டைப்பையில் சீப்போடு திரிந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சாயம் அடிக்காமல் ஞாயிறு பூசைக்குக் கிளம்ப மாட்டார்.

போன வருடம் எனக்கு மார்பில் புற்றுநோய். போர்ச்சுகலில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ரெனிதா, அங்கே பாத்திமா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி வீடியோவில் காட்டினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அந்த போனைப் பார்த்தே இவர் நேர்ந்துகொண்டார்: என் பொண்டாட்டி ஆரோக்கியம் பிழைத்தால் அந்த நாட்டுக்கே வந்து மொட்டை போடுகிறேன் என்று. எங்கள் கள்ளிக்குப்பத்திலிருந்து ராத்திரி கிளம்பினால் விடிந்ததும் வேளாங்கண்ணி. அதை விட்டுவிட்டுக் கடல் கடந்து மொட்டையா? சொன்னால் கேட்டால்தானே.

டிக்கெட் மலிவு என்று ஜனவரியில் போனோம். "பெருசா குளிராதும்மா, இங்க பனியே விழாது" என்றாள் ரெனிதா. பனி விழவில்லை, மழை விடவில்லை. தெருவில் நின்றாலாவது பரவாயில்லை, வீட்டுக்குள் எலும்பு வரை குளிர்ந்தது. துவைத்த பாவாடை காயவே இல்லை. அவள் இருப்பது கடலோர ஊர். கோடையில் கால் வைக்க இடமிருக்காதாம். இப்போது பாதிக் கடைக்குப் பூட்டு, கடற்கரையில் நாங்களும் ஒரு நாயும்தான்.

பாத்திமாவில் நான் முழந்தாளிட்டு அழுது ஜெபித்து எழுந்தால் இவரைக் காணோம். மழையில் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடி எடுக்குற மண்டபம் எங்க கீது?"

"டாடி, இங்க யாரும் மொட்டை போட மாட்டாங்க" என்றாள் ரெனிதா.

"மொட்டை போட எடமில்லாம இன்னா மாதா கோயிலு?"

சலூன் தேடினோம். இரண்டு பூட்டியிருந்தன. மூன்றாவதில் இருந்த பெண் இவர் முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல முடியை வழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு இவர் முகத்தில் ஒரு பூரிப்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேசாம வேளாங்கண்ணில போட்டுக்கலாம் வாங்க" என்றேன்.

"உன் உசுரு இன்னா, அட்ஜஸ்ட் பண்ணிக்கிற சமாச்சாரமா? முடியோட நான் பிளேன் ஏற மாட்டேன்."

ரெனிதாவின் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடவில்லை. மறுநாள் காலை எனக்குப் பொறுமை போய்விட்டது. குளியலறையில் ஸ்டூலைப் போட்டு, "குனிங்க" என்று கத்தரிக்கோலையும் அவருடைய ரேசரையும் எடுத்தேன். மருந்து ஏற்றி என் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது, யாரையும் கூப்பிடாமல் இவரேதான் எனக்கு வழித்துவிட்டார். இன்று என் முறை. காது மடலை மடக்கிப் பிடித்து வழித்தேன்.

தலையைக் கழுவித் துடைத்ததும் ஆள் எழுந்துவிட்டார்.

"கெளம்பு, கடலுக்குப் போலாம்."

"எதுக்கு?"

"மொட்டை போட்டா கடல்ல முழுக வாணாமா? வேளாங்கண்ணில அப்பிடித்தானே?"

ரெனிதா தலையில் அடித்துக்கொண்டாள். இவர் வேட்டியை வரிந்து கட்டி, முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, மாதாவே என்று அலறிக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டார். அந்த நாய்கூடப் பயந்து குரைத்தது. உதடு நீலம் பாரித்துப் பல் கிடுகிடுக்க ஓடி வந்தார். போன சித்திரை வெயிலில், முடி போன என் தலைக்கு இவர் வாங்கி வந்த கம்பளித் தொப்பி பையில் இருந்தது. அதை எடுத்து இவர் மண்டையில் மாட்டிக் காது வரை இழுத்துவிட்டேன்.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது" என்று கத்தினேன். "நான் நேர்ந்துக்கலாம்னா என் தலைல இன்னும் முடி வளரல!"