வசம்புக் காப்பு

எனக்கு எழுபது வயது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு, ஏலத்தோட்டத்தில் இருந்த கணவரைப் பார்க்கப் போடிமெட்டு ஏறினேன். பாதி மலையில் வயிறு உப்பி, அழவும் திராணியில்லாமல் பிள்ளை துவண்டுவிட்டான். அவன் இடுப்பில் பொன் கட்டிய புலிநகம் தொங்கியது. மருந்துக்கும் ஆகுமென்று கையில் கட்டியிருந்த வசம்புக் காப்பு வழியில் எங்கோ நழுவியிருந்தது.

ஏலமூட்டையோடு இறங்கிவந்த ஒருத்தி, தன் இடுப்பிலிருந்த பிள்ளையின் வசம்புக் காப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“கட்டுன காப்ப அறுக்கலாமா தாயி?” என்று பதறினேன்.

“எம்மவன் சிரிக்கிறான், ஒம்மவனுக்குத்தான் இப்ப வேணும். வெரசா மடியில போடு, ஆத்தா!”

புகைத்துக்கொண்டு வந்த சுருட்டின் நெருப்பில் வசம்பைச் சுட்டு, கல்லில் இழைத்து என் பிள்ளையின் நாக்கில் தடவினாள். சற்று நேரத்தில் சத்தமாகக் காற்றுப் பிரிந்து, வீறிட்டு அழுதான்.

“புலிநகம் போட்டவன் உறுமிட்டான்!” என்று சிரித்தாள்.

கையில் காப்பில்லாத தன் பிள்ளையைச் சுமந்து அவள் இறங்கிப்போனாள். பேர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவள் இறங்கிப்போன திசையைத்தான் தினமும் கும்பிடுகிறேன்.

ஏத்தா பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது சரியா வந்திருக்கா, வாசிச்சுக் காட்டு.