மாரியாத்தா பாட்டுக்கு நடுவே ஒரு தும்மல்

பண்டாரவளையில் மழை பிடித்துக்கொண்டால் என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஒரு மணம் வந்துவிடும். கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காய்கறிக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை, மூலையில் ஒரு மைக், அதற்குப் பின்னால் தொங்கும் ஒரு பழைய கம்பளி. அந்தக் கம்பளிதான் மணத்துக்குச் சொந்தக்காரர். போன வாரம் வெலிமடையிலிருந்து கல்யாணப் பாட்டுப் பாட வந்த ஒரு பெண், ஹெட்போனை மாட்டுவதற்கு முன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அண்ணா, மேல ஆடு வளக்கிறீங்களா?"

ஆடு இல்லையம்மா, என் முதல் ஸ்டூடியோ அது என்று சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாடி முடித்துப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

அப்போதெல்லாம் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாடுவேன். உள்ளே நான், மைக், என் மூச்சுக்காற்று. வெளியே ஒரு பழைய கம்ப்யூட்டர். மைக்கைப் பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கியிருந்தேன். "பள்ளிவாசல்ல பாங்கு சொன்ன மைக் தம்பி, பொய்யே பேசாது" என்று சொல்லித்தான் விற்றார். அது பொய் பேசவில்லை என்பது உண்மைதான். என் குரல் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிச் சொல்லி என்னை அழவைத்தது.

அம்மாவுக்கு இந்தப் போர்வைச் சமாச்சாரம் கடைசிவரை பிடிபடவில்லை. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தால் மகன் பட்டப்பகலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகிக்கொண்டிருப்பான். முதல் வாரம் முழுக்கக் காய்ச்சல் என்றே நினைத்தாள். இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, கம்பளியைத் தூக்கி டம்ளரை உள்ளே நீட்டுவாள். சரணத்தின் உச்சத்தில் ஒரு டம்ளர் உள்ளே வந்தால் எப்படிப் பாடுவது? குடித்துவிட்டுத்தான் பாடினேன். என் ஆரம்பகாலப் பாட்டுகளில் எல்லாம் ஒரு இஞ்சிக் கமறல் இருக்கும்.

யார் உங்களைப் பாதித்தார்கள் என்று இப்போது சில பேர் பேட்டி மாதிரிக் கேட்கிறார்கள். பெரிய ஆட்களின் பெயரைச் சொன்னால் எனக்கும் கௌரவமாக இருக்கும். ஆனால் என்னை முதலில் பாதித்தது விடியக்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆள் கூப்பிட அடித்த தப்பு மேளம். அடுத்தது, பதுளை பஸ்களின் ஹோர்ன். ஒவ்வொரு டிரைவரும் ஒரு ராகம் வைத்திருப்பார்; வளைவில் பஸ் தெரிவதற்கு முன்னாலேயே யாருடைய வண்டி என்று சொல்லிவிடுவோம். மூன்றாவது எது என்பது என் முதல் பாட்டை வெளியிட்ட அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அது ஒரு காதல் பாட்டு. மெட்டு தானாக வந்தது. குளிக்கும்போது வந்தது, நடக்கும்போது வந்தது. இப்படித் தானாக வருவதைத்தான் மேதைமை என்கிறார்கள் என்று எனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஸ்பீக்கரை இஸ்தோப்பில், அதுதான் எங்கள் முன் திண்ணைமாதிரி இடம், வெளிப்பக்கம் பார்க்க வைத்துப் போட்டுவிட்டேன். முன்னிசை ஓடியதுதான் தாமதம், லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெண்கள், பெரியவர்கள், எல்லாரும் வெளியே வந்தார்கள். எல்லார் கையிலும் பை.

"எங்கடா பாண் ஆட்டோ?" என்றாள் பக்கத்துக் காம்பரா காமாட்சி அத்தை.

பாண் ரொட்டி விற்க வருகிற ஆட்டோ தினமும் ஒரு டிங் டிங் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும் இல்லையா, என் மேதைமை அதைத்தான் வரிக்கு வரி எடுத்து, கொஞ்சம் மெதுவாக்கி, அதில் காதலைப் போட்டிருந்தது. அத்தை வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு மருமவனே. ஆனா பசிக்குது."

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி கொழும்பில் ஒரு புடவைக்கடையில் எனக்கு வேலை பார்த்து வைத்துவிட்டு வந்து நின்றார். கடையில் சேலையை விரித்துக் காட்டுகிற வேலை. எனக்குப் போக மனமில்லை. சேலையைக் கண்டு பயமில்லை. கடைக்கு மேலே ஒரு ஹாலில் எல்லாப் பையன்களும் வரிசையாகப் படுக்க வேண்டும் என்றார். அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடினால் என்ன ஆகும்? அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். கடைசியில் ஒரு தீர்ப்பு சொன்னாள்.

"திருவிழாவுல இவன் பாட்டப் போடுவாங்களான்னு பாப்போம். போட்டு, சனம் கேட்டுச்சுன்னா இருக்கட்டும். இல்லாட்டி நீ கூட்டிட்டுப் போ."

மாரியம்மன் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கோவில் காரியமெல்லாம் தோட்டத்துத் தலைவர் கையில். அவரிடம் போய் நின்றேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். "பாண் பாட்டுத் தம்பிதானே?" என்றார். புகழ் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "சாமி பாட்டா இருக்கணும். ஆடுறதுக்கும் தோதா இருக்கணும். முக்கியமா, அபசகுனமா ஒண்ணும் இருக்கக் கூடாது" என்று சொல்லிச் சம்மதித்தார்.

தனியாக இருந்து பாட்டுக் கட்டுகிறவன் என்று என்னைச் சொல்கிறார்கள். லயத்தில் யாரும் தனியாக ஒன்றும் கட்ட முடியாது. காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டுதான், ஆனால் அது கூரைவரை போகாது. பாதியில் களைத்துப்போய் நின்றுவிடும். மேலே தகரம் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே ஓட்டமாக ஓடும். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் அடுத்த வீட்டில் இருமுவார்கள். கம்பளிக்குள் நான் ரகசியமாக முனகுவது சுவருக்கு மேலே ஏறி, தகரத்தில் வழுக்கிக்கொண்டு போய் எல்லாரது சோற்றுத் தட்டிலும் விழுந்துகொண்டிருந்தது.

முதலில் "விண்ணுலக வெண்ணிலவே" என்று ஆரம்பித்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காமாட்சி அத்தையின் குரல் வந்தது.

"மாரியாத்தாகிட்டப் போயி நெலாவப் பத்தி என்ன பேச்சு? மழையப் பத்திக் கேளேன். தொவச்ச துணி காயாம நாறுது."

கோபம்தான் வந்தது. கவிதை தெரியாத சனம் என்று நினைத்துக்கொண்டேன். கம்பளிக்குள் போய் உட்கார்ந்தேன். கம்பளியும் காயாமல் நாறிக்கொண்டிருந்தது. அந்த நாற்றத்துக்குள்ளேயே வரி வந்தது.

மலையெல்லாம் பனி மூடி மாரியாத்தா – நாங்க
தொவச்ச துணி காயலையே மாரியாத்தா!

"ஆங்!" என்றாள் அத்தை, சுவருக்கு அப்பாலிருந்து. அதற்குமேல் பாட்டு ஓடியது. நான் ஒரு வரி சொல்ல, அவள் ஒரு வரி திருத்த, கோடிக் காம்பராவிலிருந்து யாரோ "அட்டைக்கடியவும் சேத்துக்க" என்று கத்த, சரணம் முழுக்க மாரியாத்தாவிடம் புகார்ப் பட்டியலாக வந்து நின்றது. தப்புத் தாளத்தைப் பிளாஸ்டிக் வாளியில் அடித்துப் பதிந்தேன். இரண்டாவது 'மாரியாத்தா' முடிந்ததும் ஒரே ஒரு தட்டு இடம் சும்மா விட்டு, அப்புறம் தாளம் குதித்து விழவேண்டும். அந்த வெறும் இடம்தான் பாட்டின் உயிர் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில்தான் பெருமாள் மாமா தும்மினார்.

பெருமாள் மாமா காமாட்சி அத்தையின் புருஷன். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லுகிற தேயிலை ஃபாக்டரியில், தூள் சலிக்கிற பகுதியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். ஓய்வெடுத்த பிறகும் தூள் அவர் மூக்கை விட்டு ஓய்வெடுக்கவில்லை. அவர் தும்மினால் தகரத்தில் உட்கார்ந்திருக்கிற காகம் எழும்பிப் போகும். அன்றைக்கு நான் பாடியதிலேயே நன்றாக வந்த பாட்டு. குரல் நடுங்கவில்லை, இஞ்சி கமறவில்லை. 'மாரியாத்தா' என்று நிறுத்தினேன். "ஹ்ஹ்ஆஆச்சே!" என்று சுவருக்கு மேலாக, அச்சுப் பிசகாமல், அந்த ஒரு தட்டில் வந்து விழுந்தது. தொடர்ந்து வாளி இறங்கியது.

போட்டுக் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பொருத்தமாக இருந்தது. ஆனால் சாமி பாட்டில் தும்மலா? நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது யாராவது தும்மினால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற ஊர் அது. தலைவர் கேட்டால் என்னை நேரே கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிடுவார். வேறு வழியில்லாமல் மறுபடி பாடினேன். மாமா மறுபடி தும்மினார். அதே இடத்தில். மனிதருக்கு அந்த இடம் பழகிப்போய்விட்டது. பாட்டு அங்கே வந்தால் மூக்கு தானாகத் தயாராகிவிடும்.

"வேணும்னேவா பண்றேன்? அந்த எடம் வந்தா இழுத்துக்கிட்டு வருதுய்யா" என்று மாமா பரிதாபமாகச் சொன்னார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், காது அடைத்துக்கொண்டது. கோவணத் துணியை நனைத்து முகத்தில் போட்டுப் பார்த்தார். அத்தை அவரைக் கொல்லைப்பக்கம் துரத்திப் பார்த்தாள். கொல்லையிலிருந்தும் சரியாகத் தாளத்துக்கு வந்தது. இப்படியே நாட்கள் போய், கடைசியில் மாமாவை ஒருநாள் முழுக்க வெலிமடையில் அவர் மகள் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருக்க, தும்மல் இல்லாமல் பாடி முடித்தேன்.

கேட்டேன். உப்பில்லாத ரொட்டி மாதிரி இருந்தது. ஆனால் சுத்தமாக இருந்தது. பதிந்து தலைவரிடம் கொடுத்துவிட்டேன்.

திருவிழா அன்று மத்தியானம் தேர் லயத்துக்கு முன்னால் வந்து நின்றது. சவுண்ட்ஸ்காரர் என் பாட்டைப் போட்டார். தலைவர் கைகட்டி நின்றார். அம்மாவின் தம்பி, பெட்டியோடு வந்து நின்றார். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கத் தயார் என்பதுபோல. அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். மலையெல்லாம் பனி மூடி மாரியாத்தா என்றதும் நாலைந்து பெண்கள் கூடப் பாடினார்கள். அவர்களுக்குத்தான் எப்போதோ மனப்பாடமாயிற்றே. நாங்க தொவச்ச துணி காயலையே என்றபோது கூட்டமே பாடியது. மாரியாத்தா என்று நின்றது. அந்த வெறும் இடம் வந்தது.

"ஹ்ஹ்ஆஆச்சே!"

ஒரு ஆள் இல்லை. முழு லயமும். சின்னவர், பெரியவர், தேர் வடம் பிடித்திருந்தவர்கள், அத்தனை பேரும் ஒரே நேரத்தில். அவர்களுக்குப் பாட்டு அப்படித்தான் தெரியும். சுவருக்கு மேலாக அவர்கள் கேட்டுப் படித்த பாட்டில் தும்மலும் ஒரு வரி.

தலைவரின் முகம் கறுத்துப்போனது. கையைத் தூக்கினார். சவுண்ட்ஸ்காரர் பாட்டை நிறுத்தினார். மேளம் நின்றது. பெருமாள் மாமா கூட்டத்துக்குப் பின்னால் துண்டால் வாயை மூடிக்கொண்டு, எங்கேயாவது ஓடலாமா என்று பார்த்தார். நான் என் பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவரும் முன்னால் ஸ்டோரில் வேலை செய்தவர்தான்.

"தோட்டத்து ஆத்தா தானே" என்றார். "அவ மூக்குலயும் தூள் ஏறியிருக்கும். போடுங்கய்யா பாட்ட."

கூட்டம் ஓவென்று கத்தியது. திரும்ப முதலிலிருந்து போட்டார்கள். இந்த முறை தலைவரே தும்மினார். கொஞ்சம் முந்திவிட்டார், தாளம் தெரியாத மனிதர். தேர் நகர நகர அடுத்த தோட்டத்துச் சனமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெருமாள் மாமாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவர் அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால் அன்றைக்கு அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அம்மா தம்பியிடம் போய், "அவன் வரல. நீ சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான். கொழும்பில் ஏதோ ஒரு சேலை என்னால் விரிக்கப்படாமலே விற்றுப்போயிருக்கும்.

அதற்குப் பிறகு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கூப்பிட்டார்கள், பண்டாரவளைக்கு வந்தேன், முட்டை அட்டை ஒட்டினேன். இங்கே பாட வருகிறவர்கள் நன்றாகப் பாடுகிறார்கள். யாரும் சுவருக்கு அப்பாலிருந்து திருத்துவதில்லை என்பதால் சில பாட்டுகள் நிலாவோடேயே முடிந்துவிடுகின்றன.

லயம் இப்போது இல்லை. மீரியபெத்தவில் மண் சரிந்து ஒரு லயமே புதைந்ததற்குப் பிறகு, மழை பெய்தால் எங்கள் பக்கத்திலும் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. மேலே மலையில் ஒரு வெடிப்பைக் கண்டதும் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். கீழே, சமதரையில், தனித்தனி வீடு. நல்ல வீடு. குளியலறை உள்ளேயே இருக்கிறது. சுவர் கூரைவரை போகிறது. அம்மா தன் வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறாள். நான் குறை சொல்லவில்லை. மழை நாளில் அம்மா தூங்குகிறாள், அது போதும்.

போன முறை போயிருந்தபோது, விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. லயத்தில் கரண்ட் போனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாக் காம்பராவிலிருந்தும் ஒரே குரலாக "ஆஆ..." என்று ஒரு சத்தம் எழும்பும். யாரும் சொல்லிக் கொடுக்காமல், எல்லாரும் ஒரே சுருதியில். திரும்பி வந்தால் அதைவிடப் பெரிதாக "ஏஏ!" அந்தச் சத்தத்தைப் பதிய வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பதியவும் முடியாது, கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் போய்விடும்.

இருட்டில் வாசலுக்கு வந்து நின்று காதைக் கொடுத்தேன். அம்மா உள்ளே மெழுகுதிரி தேடிக்கொண்டே "ஆஆ" என்றாள், மெதுவாக, ஒற்றைக் குரலில். மற்ற வீடுகளிலும் சொல்லியிருப்பார்கள்.