ஆரோக்கியம் டிக்

செவ்வாய்க்கிழமை காலை, முப்பரிமாணப் பிரிண்டரில் பாதி எழும்பியிருந்த பிளாஸ்டிக் பம்பு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிதம்பரத்திலிருந்து போன். ஆரோக்கியத்தின் மனைவி. "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா. நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான்." பிரிண்டர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

செம்மண்டலத்துப் பட்டறையில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கணினியில் வரைவேன். அவன் அதை முப்பரிமாணப் பிரிண்டரில் பிளாஸ்டிக் பேட்டர்னாக எடுப்பான். அதை மணலில் பதித்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்தும் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பான். பிரிண்டர் பக்கம் காதை வைத்துக் கேட்பான். "சத்தம் மாறுச்சுன்னா உள்ள சிக்கிக்கிச்சுன்னு அர்த்தம் மச்சான். நீ ஸ்கிரீனயே பாத்துக்கிட்டு இரு" என்று கிண்டல் வேறு.

உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாக எடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் அளவைப் பிரிண்டரில் ஏற்றுவது அவன் பொறுப்பு. ஒருமுறை, அவன் மறந்துவிடுவான் என்று நானாக நினைத்துக்கொண்டு, வரைபடத்திலேயே ஏற்றிவிட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன திமிர் எனக்கு! அவன் மறக்கவில்லை, வழக்கம்போல அவனும் ஏற்றினான். வார்த்து வந்த பம்பு விசிறிகளில் ஒன்றுகூட உறைக்குள் நுழையவில்லை. எல்லாவற்றையும் திரும்ப உலையில் போட்டார்கள்.

"எவன்யா பண்ணது?" என்று முதலாளி கத்தினார். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். ஆரோக்கியம் வரைபடத்தை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான். "நான்தான் சார். ரெண்டு வாட்டி ஏத்திட்டேன்."

அன்றிலிருந்து, கூடுதல் அளவை ஏற்றுகிறவர் வரைபடத்தோடு போகும் அட்டையில் கறுப்பு மார்க்கரால் டிக் போட வேண்டும் என்று உத்தரவு. பட்டறை ஆட்கள் அதற்கு ‘ஆரோக்கியம் டிக்’ என்று பெயர் வைத்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு ஒவ்வொரு அட்டையைப் பார்க்கும்போதும் உடம்பு கூசும்.

குழந்தை பிறந்த பிறகு, மஞ்சக்குப்பத்தில் அவனோடு பஸ்ஸுக்கு நின்றபோது, "முதலாளிகிட்ட சொல்லிடறேன்டா" என்றேன்.

"வாய மூடு மச்சான். இப்ப போயி சொன்னா நான் பொய் சொன்னவனா ஆயிடுவேன். சொல்ல மாட்டேன்னு எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அப்புறம் அதிலிருந்து வெளியே வர வழியே இல்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, அதுதான் கேவலம்.

சிதம்பரத்தில் அடக்கம் முடிந்ததும் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தன வருஷத்துல ஒரே ஒரு தப்புதான் பண்ணான்" என்று எல்லோரிடமும் சொன்னார். அவன் மகள் ஜெனி என் பக்கம் திரும்பினாள். "அப்பா அப்படி அசால்ட்டா இருக்க மாட்டாரே. நெசமா மாமா?"

"ஆமாம்மா" என்றேன். சத்தியம் அப்போதும் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவனுடைய மார்க்கர் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. சத்தியம் வாங்கியவனே போய்விட்டான். மீறினால் இனி யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? நண்பர்களே, அந்த டிக்குக்கு இனிமேல் என் பெயரை வையுங்கள். ஜெனி, மாமா அன்றைக்கு உன்னிடம் பொய் சொன்னேன். உங்கப்பா ஒரே ஒரு முறைதான் ஏற்றினான். இன்னொன்று நான்.