எரியாத டெஸ்டர்

ராயபுரத்தில் எங்கள் கோயில் மண்டபத்து வயரிங் வேலை முழுக்க என் கையில் இருந்தது. என்னோடு தொழில் கற்ற ஒருவன், நான் போட்ட லைனில் ஷாக் அடிக்கிறது என்று ஃபாதரிடம் ஓதி அதைப் பறித்துக்கொண்டான். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அதிலிருந்து பூசைக்குப் போனால் பீடத்தைவிட அவன் பின்கழுத்தைத்தான் அதிகம் பார்த்தேன். நாலு பேர் முன்னால் அவன் மூக்கு உடைபட வேண்டும். வேறெதையும் நான் வேண்டிக்கொள்ளவில்லை.

செல்போன் எல்லார் கைக்கும் வந்த காலத்தில் மண்டப மாடியில் சோலார் வைத்தார்கள். வைத்தவனும் அவன்தான். விளக்கு எரியவில்லை என்று ஃபாதர் எனக்கு ஆள் அனுப்பினார். மல்டிமீட்டரோடு கிளம்பினேன். வயிறு குளிர்ந்து போயிருந்தது.

உச்சி வெயில். ஃபாதரும் கமிட்டிக்காரர்களும் மாடியில் நின்றார்கள். பேனலிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் கழற்றி, முனையில் டெஸ்டரை வைத்துக் காட்டினான் அவன். வீட்டு லைன் பார்க்கிறவர்கள் பழக்கம் அது. டெஸ்டர் எரிந்தால் கரண்ட், இல்லாவிட்டால் இல்லை.

"இன்னா ஃபாதர், சொன்னா நம்ப மாட்டேன்றீங்க. டெஸ்டர் எரியவே இல்ல பாருங்க. செத்த பேனல குட்துக்கீறானுங்க."

சோலாரில் அந்தக் கணக்கு செல்லாது. அந்த லைனுக்கு எர்த் கிடையாது. கரண்ட் இருந்தாலும் டெஸ்டர் எரியாது. வரிசையாகக் கோர்த்த எட்டு பேனல், அந்த வெயிலில் ஆளைத் தூக்கி அடிக்கும். அவனோ பேனல் செத்ததுதான் என்று காட்ட, வியர்த்த கையால் இரண்டு முனைகளையும் பிடிக்கப் போனான். பிடிக்கட்டுமே என்று ஒரு கணம் பேசாமல் நின்றேன். இவன் செத்துவிட்டால் மீட்டரை யாரிடம் காட்டுவது என்று அப்புறம்தான் தோன்றியது.

"கைய எடுடா கஸ்மாலம்!"

மீட்டரை டி.சி.க்குத் திருப்பி, விரல் படாமல் முனைகளில் வைத்தேன். நூற்றைம்பது வோல்ட்டைத் தாண்டியது. பேனலில் குறையே இல்லை. கீழே பேட்டரிப் பெட்டியில் அவன் ஒரு ஸ்க்ரூவை இறுக்காமல் விட்டிருந்தான். அவன் முகம் தொங்கும் என்று காத்திருந்தேன். அவனோ எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான்.

"என் உசுர காப்பாத்திட்ட மாமு!"

டோல்கேட் வரைக்கும் இதையே சொல்லித் திரிந்தான். என் வேலையை அவன் பறித்த கதை யாருக்கும் ஞாபகமில்லை. மண்டப வேலையும் அவனிடமே இருந்தது. கொஞ்ச நாளில் மனைவியோடு வீட்டுக்கு வந்தான். பையனுக்கு ஞானஸ்நானமாம், நான்தான் ஞானத்தகப்பனாம். என்னைக் கேட்காமலே என் மனைவி தலையாட்டிவிட்டாள்.

குழந்தையை ஏந்தி நின்றேன். பாவத்தை விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டார். எதிரே அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். "விட்டுவிடுகிறேன்" என்றேன். கோயிலுக்குள் நான் சொன்ன ஒரே பொய் அது. அதையும் அந்தப் பாவிதான் சொல்ல வைத்தான்.