ஓசியில் போன காது

எங்கள் வீட்டுக்காரரை அப்பா எனக்குத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், இவர் பேசியது அப்பாவுக்குக் கேட்டது.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடந்ததும் இதுதான். அப்பா நெசவாலையில் வேலை பார்த்துக் காதைக் கெடுத்துக்கொண்டவர். ஆலையை விட்டு வந்து, காது கேட்கும் கருவி விற்கும் கடை வைத்தார். ஊரில் காது மந்தமான அத்தனை பேருக்கும் மாட்டிவிட்டவர், தன் காதில் மட்டும் மாட்டமாட்டேன் என்று அடம்பிடித்தார். கடைக்காரனே மாட்டிக்கொண்டால் கௌரவம் என்ன ஆவது? அந்த லட்சணத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார். வந்தவர்கள் எல்லாரும் மரியாதையாக, அடக்கமாகப் பேசினார்கள். அப்பாவுக்கு ஒரு வார்த்தை விழவில்லை. கடைசியாக இவர் வந்தார். "வணக்கம் மாமா! நல்லா இருக்கீங்களா!" என்று போட்ட போட்டில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா முகம் மலர்ந்துவிட்டது.

"பளிச்சுனு பேசுற பையன்மா. உள்ள ஒண்ணு வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேச மாட்டான்," என்றார்.

உள்ளே எதுவுமே கிடையாது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தொண்டையை விட்டால் இவரிடம் இருக்கும் இன்னொரு சொத்து, ஓசி மேல் உள்ள பக்தி. சும்மா கொடுக்கிறார்கள் என்றால் போதும், என்ன ஏது என்று கேட்க மாட்டார். வங்கியில் நூல் கட்டி வைத்திருக்கும் பேனாவை நூலோடு கொண்டு வந்தவர் இவர். பல் டாக்டர் பற்பசை இலவசமாகத் தருகிறார் என்று கேள்விப்பட்டு, நல்ல பல்லைக் காட்டிவிட்டு வந்தார். சோப்புத்தூள் வாங்கினால் வாளி இலவசம் என்று ஒரு காலம் இருந்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் வாளிக்குள் வாளியாக அடுக்கிக் கிடக்கிறது. அவசரத்துக்கு ஒன்றை இழுத்தால் மொத்தக் குடும்பமும் கூடவே வரும். கடைத்தெருவில் இவருக்கு 'ஓசி சார்' என்று பெயர். இவருக்கும் அது தெரியும். பெயரும் ஓசியில்தானே கிடைத்தது என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

என் குரல் கீச்சுக்குரல். சின்ன வயதிலிருந்தே நான் பேசுவதை அப்பா உதட்டைப் பார்த்து ஊகித்துத்தான் பதில் சொல்வார், அதில் பாதி தப்பாக இருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் பொறுமை போய், அவரைக் கடை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு காதிலும் மாட்டிவிட்டேன். கருவியிலிருந்து ஒரு கம்பி சின்னப் பெட்டிக்குப் போகும், பெட்டியிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்குப் போகும். திரையில் வரும் கோடுகளை ஏற்றி இறக்கி, அவரவர் காதுக்குத் தகுந்தபடி சரிசெய்ய வேண்டும். கீச்சு ஓசைக்கான மேல் கோட்டை நான் ஏற்றிக்கொண்டே வந்தேன். "அப்பா, கேக்குதா?" என்று கேட்டேன்.

"இதுதான் உன் குரலா? அப்படியே உங்கம்மா குரல்," என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் வாடிக்கையாளர்கள் போனபின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் அப்பாவும் பேசுவோம். பெரும்பாலும் இவரைப் பற்றித்தான். நான் கொட்டுவேன், அப்பா "ம்" கொட்டுவார். பெரிய ஆறுதல் எதுவும் சொல்ல மாட்டார். ஆனால் இந்த உலகத்தில் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்ட ஒரே ஆள் அவர்தான். வீட்டில் நான் வாயைத் திறந்தால் இவர் குரல் வந்து மேலே உட்கார்ந்துகொள்ளுமே!

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடைக் கம்ப்யூட்டரில் அந்த அறிவிப்பு வந்தது. கம்ப்யூட்டரை ஓட வைக்கும் இந்தப் பழைய இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்று. 'இலவசமாக' என்ற சொல்லைப் பார்த்ததும், கடைக் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் இவர் கண்ணில் வந்த வெளிச்சத்தை நான் கல்யாண மேடையில்கூடப் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் குழப்பமே இல்லாமல் சொன்னார். "பழச வச்சுக்கிட்டு இன்டர்நெட்ல போறதும் ஆபத்துதான். ஆனா உங்க காது மெஷின் பெட்டி புதுசுல ஓடாது. அதச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. இதுல இன்டர்நெட்டப் புடுங்கிட்டு காதுக்கு மட்டும் வச்சுக்குங்க. பில்லு போட வேற ஒண்ணு வாங்கிடுங்க."

"நல்லா இருக்கே கத! அவன் ஓசியில புதுசு தரான், நீங்க காசு குடுத்து இன்னொண்ணு வாங்கச் சொல்றீங்க!" என்றார் இவர்.

"என்னங்க, அப்பாவோட மெஷின் இதுலதானே சரி பண்றோம்? அந்தப் பெட்டி போயிட்டா என்ன பண்றது?" என்றேன் நான்.

அப்பா இரண்டு பக்கமும் கேட்டார். அப்போது அவருக்குக் கேட்டதே! கம்ப்யூட்டர் தலையில் கை வைத்து, "பழசே இருக்கட்டும் மாப்பிள்ளை. என் காது இதுக்குள்ளதான் இருக்கு," என்றார். "சரி மாமா! நீங்க சொன்னா சரி!" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒப்புக்கொண்டார் இவர். நானும் நம்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் அப்பாவின் கருவிகளுக்குள் ஈரம் இறங்கிவிட்டது. ரிப்பேருக்கு அனுப்பினேன். சரிசெய்து தருவோம், ஆனால் உள்ளே இருக்கும் அளவெல்லாம் அழிந்துவிடும், உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதனால் என்ன, அளவு பத்திரமாக நம்மிடம் இருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வந்த கருவிகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தால், திரையில் அதுவரை பார்க்காத ஒரு நீலப் பூ விரிந்திருந்தது. முன்னால் இவர், பிள்ளை பெற்றவள் மாதிரி பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க பண்ணீங்க?"

"ஓசியில புதுசாயிடுச்சு! பழசெல்லாம் வச்சுக்கணுமா, எதுவும் வேணாமான்னு கேட்டுச்சு. வேணாம்னா நெறைய எடம் காலியாகுமாம். அத அமுக்கிட்டேன்!"

பெட்டி ஓடவில்லை. அளவும், கோடுகளை ஏற்றி இறக்கும் பழைய மென்பொருளும் போயே போய்விட்டன. ரிப்பேர்காரர் வந்து துழாவிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போனார். அளவு ஏறாத கருவி காதில் வெறும் தக்கைதான்.

"அப்பா வேணாம்னு சொன்னாரே! அந்தப் பேச்சுக்கு மதிப்பு அவ்வளவுதானா?" என்றேன்.

"உங்கப்பாகிட்ட கேட்டுத்தான் பண்ணேன்!"

உண்மைதான், கேட்டிருக்கிறார். எப்போது? கருவி இல்லாமல் அப்பா வெறும் காதோடு இருந்த நேரத்தில். "மாமா! கம்ப்யூட்டர் ஓசியில புதுசாகுது! பண்ணிடவா!" என்று மட்டும் கத்தியிருக்கிறார். காது போய்விடும் என்ற பாதியைச் சொல்லவில்லை. பில் போட வேறொன்று வருகிறது என்று நினைத்து அப்பா, "உங்க இஷ்டம் மாப்பிள்ளை," என்றிருக்கிறார். இந்த மனிதரைத் திட்ட எனக்குத் தெரிந்த வார்த்தைகள் அன்றைக்குப் பற்றவில்லை.

சரி, இந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் புதுக் கருவியே அப்பாவுக்கு வாங்கலாம் என்றேன். இவர் விடுவாரா? பத்து ஜோடி விற்றால் கம்பெனி ஒரு ஜோடி இலவசமாகத் தருகிறதாம், அதுவரை மாமா பொறுத்துக்கொள்வாராம். மாதக் கணக்கில் நாங்கள் விற்றது மூன்று ஜோடி. கல்லாச் சாவி இவர் இடுப்பில். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் மறு பேச்சில்லாமல் பணத்தை எடுத்து வைப்பார், அந்தப் பயம் மட்டும் உண்டு. ஆனால் அந்த வார்த்தையை அப்பா சொல்ல, நான் சொல்வது முதலில் அவருக்குக் கேட்க வேண்டுமே! கத்தினால் என் குரல் பெரிதாகாது, இன்னும் கீச்சென்று மேலே போகும். அப்பாவின் காதில் செத்துப் போனது அந்த மேல் பகுதிதான். எழுதிக் காட்டலாமே என்பீர்கள். அப்பாவுக்கு இப்போது கண்ணில் புரை, எழுத்தெல்லாம் மங்கல். பெரிய எழுத்தில் எழுதி நீட்டினேன். அவர் அதை வாங்கி, "மாப்பிள்ளை, இதுல என்ன போட்டிருக்கு?" என்று இவரிடமே கொடுத்தார். இவர் படித்துப் பார்த்துவிட்டு, "மளிகைச் சாமான் மாமா!" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது அப்பாவுக்குக் கேட்கும் குரல் ஒன்றே ஒன்றுதான்.

நேற்று சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அப்பாவின் முன்னால் உட்கார்ந்தேன். இவர் கல்லாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகில் போய், மூச்சு முட்டச் சொன்னேன்.

"அப்பா, இந்த ஆளு உங்கள ஏமாத்திட்டாரு. எனக்குப் பேச ஆளில்லப்பா. புது மெஷின் வாங்கச் சொல்லுங்க."

அப்பா என் உதட்டையே பார்த்தார். பிறகு சிரித்தபடி கல்லாப் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்பிள்ளை சொல்றா?"

இவர் டீயை ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"புதுக் கம்ப்யூட்டர் ரொம்ப நல்லா இருக்குதாம் மாமா!"

"அப்ப ஏன் கண்ணு கலங்கியிருக்கு?"

"சந்தோஷம் மாமா!"

அப்பாவுக்குப் பளிச்சென்று கேட்டது. "நல்லா இரும்மா," என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்.